பெரிய கேம் போட்டா கார் பறக்குமா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசையும் ஓர் இரும்புத் தண்டும்

'தடக்... தடதட... தடக்...'

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் நின்ற இடத்திலேயே இப்படித் தாளம் தப்பி உறுமுவதை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. கீழே கமென்ட் முழுக்க நெருப்பு எமோஜியா இருக்கும். 'என்னா கேம்டா போட்டிருக்கான்!' என்று நாலு பேராவது எழுதியிருப்பார்கள்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் கேம் ஷாஃப்ட்தான், சந்தேகமே இல்லை. ஆனால், அது என்ஜின் பலமாக இருப்பதன் அடையாளம் இல்லை. ஐடிலிங்கில் அது ஒழுங்காக மூச்சு விட முடியாமல் திணறுவதன் அடையாளம். வெளியே போக வேண்டிய எரிந்த புகை, உள்ளே வரும் புதுக் கலவையோடு கலந்து, ஒரு சிலிண்டர் எரிந்து ஒரு சிலிண்டர் எரியாமல் தடுமாறுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு கேம் வாங்குறது, இருமலைக் கேட்டுப் பாடகரைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி.

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினை மாற்றியமைக்கிறவர்கள் தடுமாறும் இடங்களில் முதலிடம் இதுக்குத்தான் என்பேன். கார்புரேட்டர் தப்பாகப் போனால் மாற்றிவிடலாம். சைலன்சர் பிடிக்கலைன்னா கழற்றிவிடலாம். கேம் ஷாஃப்ட் அப்படி இல்லை. என்ஜினின் வயிற்றுக்குள் இருக்கும் சமாச்சாரம். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் காரின் குணமே மாறிவிடும். தப்பாகப் பொருத்தினால் முதல் அரை மணி நேரத்திலேயே அழிந்து, இரும்புத் தூளை என்ஜின் முழுக்கப் பரப்பிவிடும். இனிமேல் யாரும் தயாரிக்கப்போகாத காருக்கு அது சின்ன நஷ்டம் இல்லை.

பொதுவாகப் பேசினால் காற்றில் கத்தி வீசுவதுபோல ஆகிவிடும் என்பதால், ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: எம்.ஜி.பி.

அம்பாசிடரின் சொந்தக்காரன்

பிரிட்டனின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி. 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால்தான் இன்றும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வார இறுதியில் கையில் கிரீஸ் பூசிக்கொள்ள ஆசைப்படுபவர்களின் முதல் கார் பெரும்பாலும் இதுவாக இருக்கிறது. உள்ளே இருப்பது 1,798 சிசி, நாலு சிலிண்டர், பி-சீரிஸ் என்ஜின். தொழிற்சாலைக் கணக்கில் 95 குதிரைத்திறன்.

இந்த பி-சீரிஸ் நமக்கு அந்நியன் இல்லை. நம்ம அம்பாசிடரில் பல ஆண்டுகள் இருந்த 1,489 சிசி பெட்ரோல் என்ஜின் இதே குடும்பம்தான். இன்னொரு வேடிக்கை பாருங்க. அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் அந்த 1,489 சிசி என்ஜின் கொடுத்தது சுமார் 50 குதிரைத்திறன். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ ஸ்போர்ட்ஸ் காரில் அதே 1,489 சிசி கொடுத்தது சுமார் 70. பிளாக்கின் அளவு ஒன்று, பிஸ்டனின் ஓட்டம் ஒன்று. வித்தியாசம் எல்லாம் மூச்சில்தான்: இரட்டை கார்புரேட்டர், மாற்றிய ஹெட், கூட்டிய கம்ப்ரெஷன், கேம். இந்த நாலும் சேர்ந்துதான் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தன. தனியாக கேம் மட்டும் போய் அந்த வேலையைச் செய்துவிடவில்லை என்பதை இப்போதைக்கு மனசில் வைத்துக்கொள்ளுங்க.

கேம் என்னதான் செய்கிறது?

ஒரு தண்டு. அதில் முட்டை வடிவத்தில் புடைத்த 8 மேடுகள். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு மேடும் ஒரு டாப்பெட்டைத் தூக்கும். டாப்பெட் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ராக்கரைத் தள்ளும். ராக்கர் வால்வைத் திறக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. எந்த வால்வு, எப்போது, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்ற டைம்டேபிள் முழுக்க அந்த மேடுகளின் வடிவத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது.

பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்லெட் வால்வு திறந்து, அடியைத் தொட்டதும் மூடினால் போதாதா? புத்தகப் படத்தில் போதும். நிஜத்தில் போதாது. 6,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 5 மில்லி செகண்டுதான் ஆகிறது. அதற்குள் காற்று அசைந்து, வேகம் எடுத்து, சிலிண்டரை நிரப்ப வேண்டும். நேரம் பத்தாது. அதனால் வால்வைக் கொஞ்சம் முன்னாடியே திறந்து, பிஸ்டன் அடியைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் திறந்தே வைத்திருப்பார்கள். வேகம் எடுத்துவிட்ட காற்று, பிஸ்டன் எதிர்த்து வந்தாலும் முட்டிக்கொண்டு உள்ளே போகும்.

பீக் அவர் மின்சார ரயிலை நினைச்சுக்கோங்க. கூட்டம் வேகமாக உள்ளே நெருக்கிக்கொண்டு ஏறும்போது கதவை இரண்டு விநாடி கூடுதலாகத் திறந்து வைத்தால் இன்னும் பத்துப் பேர் ஏறிவிடுவார்கள். மத்தியானம் காலி ரயிலில் அதையே செய்தால் உள்ளே இருப்பவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். என்ஜினிலும் அதேதான். 1,500 ஆர்பிஎம்மில் அந்த 5 மில்லி செகண்ட் 20 ஆகிவிடும். காற்றுக்கு அவசரமே இல்லை. வால்வு லேட்டாக மூடினால், உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் திரும்ப கார்புரேட்டர் பக்கமே தள்ளிவிடும்.

எம்.ஜி.பி-யின் ஆரம்ப கால ஒரிஜினல் கேமில் இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வர 16 டிகிரி இருக்கும்போது திறந்து, அடியைத் தாண்டி 56 டிகிரியில் மூடும். 16-ஐயும் 180-ஐயும் 56-ஐயும் கூட்டினால் 252 டிகிரி. இதைத்தான் 'டியூரேஷன்' என்கிறார்கள். வால்வு திறக்கும் உயரம் சுமார் 9.25 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் உச்சியைத் தாண்டி 21 டிகிரியில் மூடும். ஆக 16-ம் 21-ம் சேர்ந்து 37 டிகிரி நேரத்துக்கு இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும். இது 'ஓவர்லேப்'. ரீல்ஸ் சத்தத்தின் ஊற்று இந்த ஓவர்லேப்தான்.

கேம் கேட்டலாக்குகளில் 270, 285, 300 என்று டிகிரி ஏறிக்கொண்டே போகும். நம்பர் ஏற ஏற, என்ஜின் உயிர் பெறும் ஆர்பிஎம்மும் மேலே மேலே போகும். பவர் சும்மா வருவதில்லை; கீழே இருந்து எடுத்துத்தான் மேலே வைக்கிறார்கள்.

ரோட்டில் நீங்க எங்கே வாழறீங்க?

கேம் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை பவர் கூடும்?' இல்லை. 'என் என்ஜின் நாள் முழுக்க எந்த ஆர்பிஎம்மில் ஓடுது?' என்பதுதான். இதை யாரும் கணக்குப் போடுவதில்லை. போட்டுப் பார்ப்போம்.

எம்.ஜி.பி-யின் பின் ஆக்சில் விகிதம் 3.909. நாலாவது கியரில் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் கார் மணிக்கு சுமார் 17.9 மைல் போகும், அதாவது 29 கி.மீ-க்குக் கொஞ்சம் கம்மி. பிரிட்டனில் நடுவில் தடுப்பு இல்லாத ஊர்ப்புறச் சாலையில் உச்சவரம்பு 60 மைல். அந்த வேகத்தில் என்ஜின் சுமார் 3,350-ல் சுற்றும். மோட்டார்வேயில் 70 மைல்; அங்கே 3,900. ஓவர்டிரைவ் வசதி இருந்தால் அதுவும் சுமார் 3,200-க்கு இறங்கிவிடும். ஊருக்குள், வளைவில், சிக்னலில் எல்லாம் 1,500-க்கும் 2,500-க்கும் இடையில்தான் வாழ்க்கை.

இந்த என்ஜினின் உச்ச டார்க் எங்கே வருகிறது தெரியுமா? 3,000 ஆர்பிஎம்மில், சுமார் 149 நியூட்டன் மீட்டர். உச்ச பவர் 95 வருவது 5,400-ல். அங்கே டார்க் ஏற்கெனவே 125-க்கு இறங்கியிருக்கும். அபிங்டன்காரர்கள் முட்டாள்கள் இல்லை. கார் எங்கே ஓடுமோ அங்கேதான் இழுவையைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது 4,000-க்கு மேல்தான் விழித்துக்கொள்ளும் ஒரு ரேஸ் கேமை இதில் போட்டால்? 60 மைல் வேகத்தில் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணணும்னா மூன்றாவது கியருக்கு இறக்கி, அலறவிட்டு, அது விழித்துக்கொள்ளும் வரை காத்திருக்கணும். முன்னாடி மிதிச்சா போயிருக்கும். பேப்பரில் பவர் கூடியிருக்கும். கையில் கார் மந்தமாகியிருக்கும். இதே எம்.ஜி.பி 1963, 64, 65 மூன்று வருஷமும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடியிருக்கிறது. அங்கே சுமார் 6 கி.மீ. நேர்கோட்டில் மிதித்த கால் எடுக்காமல் போவார்கள். அந்த ரோடு உங்களுக்கு இருந்தா அந்த கேம் வாங்குங்க.

8 வால்வு, 5 வாசல்

இனி வருவது பி-சீரிஸுக்கே உரிய தலைவலி. கேட்டலாக்கில் பெரிய கேமின் விலையைப் பார்ப்பவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை.

நாலு சிலிண்டர், 8 வால்வு. ஆனால் ஹெட்டில் வாசல்கள் ஐந்தே ஐந்து. 1, 2 சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒரு இன்லெட் வாசல். 3, 4-க்கு ஒன்று. எக்ஸாஸ்ட்டில் 1-க்கும் 4-க்கும் தனித்தனி. 2, 3-க்குப் பொது. ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. ஐம்பதுகளில் குடும்பக் காருக்காக யோசித்த ஹெட். செலவு கம்மி, குறைந்த ஆர்பிஎம்மில் பிரமாதமாக வேலை செய்யும்.

எரியும் வரிசை 1-3-4-2. கவனித்துப் பாருங்க: 2-வது சிலிண்டர் காற்றை இழுத்த உடனே, அரைச் சுற்று தள்ளி, அதே வாசலில் 1-வது இழுக்கும். அப்புறம் ஒன்றரைச் சுற்றுக்கு அந்த வாசலில் வேறு யாரும் புதிதாக இழுக்கத் தொடங்குவதில்லை. மறுபடி 2, உடனே 1. அந்தப் பக்கம் 3, உடனே 4.

2-வது இன்னும் தன் கடைசி மடக்கைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே 1-வதின் வால்வு திறந்துவிடுகிறது. ஒரே தெருக்குழாயில் இரண்டு வீடு மோட்டார் போட்டு இழுக்கிற கதை. எவ்வளவு நேரம் இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும்? கணக்கு ரொம்பச் சுலபம்: டியூரேஷனில் 180-ஐக் கழித்தால் போதும். ஒரிஜினல் கேமில் 252-ல் 180 போக 72 டிகிரி. 270 டிகிரி கேமில் 90. 285-ல் 105. கேம் பெரிதாக ஆக இந்தப் பங்காளிச் சண்டையும் பெரிதாகிறது. நாலு சிலிண்டரும் நாலு விதமாக நிரம்பும். ஒன்றுக்கு பெட்ரோல் அதிகம், ஒன்றுக்குக் கம்மி. கார்புரேட்டரை எப்படித் திருகினாலும் நாலுக்கும் ஒரே நேரத்தில் சரியாக அமையாது.

அதனால்தான், நாலு தனி வாசல் உள்ள வேறு என்ஜினில் நன்றாக ஓடும் ஒரு டிகிரி நம்பரை அப்படியே எடுத்துவந்து எம்.ஜி.பி-யில் போடக் கூடாது. 'ஆல்ஃபாவுல 290 போட்டாங்க, சூப்பரா போகுது' என்று ஒருவர் சொன்னால் நம்பலாம். அது ஆல்ஃபா.

கம்ப்ரெஷனைத் தின்னும் கேம்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். வால்வு லேட்டாக மூடினால் சட்டியில் இருப்பதே குறையும்.

எம்.ஜி.பி-யின் கம்ப்ரெஷன் 8.8:1 என்று போட்டிருப்பார்கள். ஆனால் இன்லெட் வால்வு மூடிய பிறகுதானே உண்மையான அழுத்தம் தொடங்கும்? பிஸ்டனின் முழு ஓட்டம் 88.9 மி.மீ. ஒரிஜினல் கேமில் வால்வு மூடும்போது, மேலே போக மிச்சம் இருப்பது சுமார் 73.5 மி.மீ. அந்தக் கணக்கில் நிஜமான அழுத்த விகிதம் 7.4 பக்கம் வருகிறது. 70 டிகிரியில் மூடும் ஒரு 285 கேமைப் போடுங்க. மிச்சம் 65 மி.மீ-தான். விகிதம் 6.7-க்கு விழுந்துவிடும். என்ஜினில் வேறு எதையும் தொடவில்லை. ஒரு தண்டை மாற்றியதுக்கே இவ்வளவு நஷ்டம். குறைந்த ஆர்பிஎம்மில் கார் ஏன் சோம்பேறியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் ஹெட்டைக் கடைந்து அல்லது பிஸ்டனை மாற்றி, கம்ப்ரெஷனை 9.8 வரை ஏற்ற வேண்டும். 63 டிகிரியில் மூடும் 270 கேம் என்றால் 9.3 போதும். இதெல்லாம் ராடின் நீளத்தையும் பிஸ்டனின் ஓட்டத்தையும் வைத்துப் போட்ட வடிவியல் கணக்கு. மொபைல் கால்குலேட்டரில் நீங்களே போடலாம். ஆக, 'கேம் மட்டும் மாத்திக்கறேன், மத்ததை அப்புறம் பார்க்கலாம்' என்று தொடங்குவதுதான் இதில் மோசமான வரிசை. ஹெட் வேலை, எக்ஸாஸ்ட், கம்ப்ரெஷன். அதெல்லாம் முடிவான பிறகு கடைசியாக கேம். ஹெட்டில் போர்ட்டுகளை நல்ல கைப்பக்குவத்தோடு சீராக்குவது, ஒரிஜினல் கேமோடேயே இழுவையைக் கூட்டும். கீழே எதையும் பிடுங்காது. முதல் பணம் அங்கேதான் போகணும்.

அதற்காக 'ஒரிஜினலே வேதவாக்கு' என்று சொல்பவர்கள் பக்கமும் நான் இல்லை. பழைய பிளாக்கைப் போரிங் செய்து 60 தவ் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 1,868 சிசி வரும். ஹெட்டும் நன்றாக மூச்சு விடுகிறது, கம்ப்ரெஷனும் 9.3 என்றால், பழைய 252 கேம் இப்போது கழுத்தைப் பிடிக்கும். என்ஜின் பெரிதாக ஆக அதே கேம் சாதுவாக நடந்துகொள்ளும் என்பதும் ஒரு சௌகரியம். இந்த மாதிரி ரோட்டு காருக்கு 265-லிருந்து 270 டிகிரி. அதற்கு மேல் அகலக்கால் வைக்காதீங்க. வருஷத்துக்கு ஆறு முறை டிராக்கில் ஓட்டுகிறவர், ஓட்டிக்கொண்டே வீட்டுக்கும் வருகிறவர் என்றால் 285, அதற்கேற்ற கம்ப்ரெஷனோடு. 300-ஐ டிரெய்லரில் ஏற்றிப் போகும் காருக்கு விட்டுவிடுங்க. 7,000 ஆர்பிஎம் ஆசை இருப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: இவ்வளவு நீள ஓட்டத்தில் அங்கே பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டரைத் தாண்டிவிடும். கேம் தாங்கும், பழைய ராடும் போல்ட்டும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

கேட்டலாக்கில் ஒளிந்திருக்கும் தந்திரம்

இரண்டு கம்பெனியின் '270' ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீங்க. ஒருவர் வால்வு இருக்கையை விட்டு அசைந்த கணத்திலிருந்து டிகிரியை எண்ணுவார். இன்னொருவர், அமெரிக்கப் பழக்கப்படி, டாப்பெட் 50 தவ் (சுமார் 1.27 மி.மீ.) எழும்பிய பிறகுதான் எண்ணத் தொடங்குவார். இரண்டாவது கணக்கில் அதே கேம் பல டிகிரி சின்னதாகத் தெரியும். ஒப்பிடுவதானால் ஒரே அளவுகோலில் ஒப்பிடுங்க. இன்லெட் எத்தனை டிகிரியில் மூடுகிறது என்பதைக் கட்டாயம் கேளுங்க. ஒரே ஒரு நம்பர்தான் கேட்க முடியும் என்றால் நான் கேட்பது அதைத்தான்.

தேய்ந்த கேமையே மறுபடி கடைந்து வேறு வடிவம் கொடுத்துத் தருவார்கள். விலை குறைவு. கடையும்போது அடிவட்டம் சின்னதாகிவிடும், ராக்கர் திருகில் அதைச் சரிக்கட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்கணும். எனக்கு இதில் பெரிய ஆட்சேபம் இல்லை, கடைபவர் கடினத்தன்மையைச் சோதித்துத் தந்தால்.

பிரேக் சர்வோ உள்ள எம்.ஜி.பி என்றால் இன்னொன்றும் உண்டு. ஓவர்லேப் கூடினால் ஐடிலிங்கில் வேக்குவம் குறையும். சர்வோ அந்த வேக்குவத்தை நம்பித்தான் இருக்கிறது. எஸ்.யூ கார்புரேட்டரின் ஊசியையும், டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸையும் புது கேமுக்கு ஏற்ப மாற்றியே ஆகணும். இந்தச் செலவையெல்லாம் கேமின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்க.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை வந்தது. 50 வருடத்துக்கு மேல் பழையதாக, ஒரிஜினல் நிலையில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, என்ஜின் இவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது என்கிறது விதி. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்.

உள்ளே இருக்கும் ஒரு கேமை யார் கழற்றிப் பார்க்கப் போறாங்க என்று கேட்கலாம். யாரும் பார்க்க மாட்டார்கள்தான். ஆனால் சிக்னலில் தடதடவென்று இருமும் ஒரு கார், தன் ஒரிஜினல்தன்மையைப் பற்றித் தானே வாக்குமூலம் கொடுக்கிறது. கழற்றிய பழைய கேமைத் தூக்கி எறியாமல், எந்த டாப்பெட் எந்த மேட்டுடையது என்று எழுதி, எண்ணெய் பூசிச் சுற்றி வைங்க. திரும்பிப் போக ஒரு வழி இருக்கட்டும்.

பொருத்தும் நாளில்

தேர்வு சரியாக இருந்தும் கேம் சாவது பெரும்பாலும் இந்த நாளில்தான்.

புது கேம் என்றால் டாப்பெட்டும் புதுசு. இதில் பேரமே கிடையாது. டாப்பெட்டின் அடிப்பகுதி பார்க்கத் தட்டையாகத் தெரிந்தாலும் லேசாகக் குவிந்திருக்கும். ஓடும்போது அது தன்னைத்தானே சுழற்றிக்கொண்டால்தான் தேய்மானம் சமமாக இருக்கும். பழைய டாப்பெட் பழைய மேட்டோடு பழகித் தேய்ந்தது. புதிய மேட்டில் வைத்தால் சுழலாமல் ஒரே இடத்தில் அறுக்கும்.

டைமிங் செயின் சக்கரங்களில் இருக்கும் புள்ளிகளை ஒன்றுக்கொன்று எதிரே வைத்துவிட்டு 'முடிஞ்சுது' என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீங்க. கிராங்க்கில் டிகிரி தட்டு, டாப்பெட்டில் டயல் கேஜ் வைத்து, இன்லெட் முழு உயரம் எத்தனை டிகிரியில் வருகிறது என்று அளந்து, கேம்காரர் கொடுத்த தாளோடு ஒப்பிடணும். கேமில் 1 டிகிரி பிசகினால் கிராங்க் கணக்கில் அது 2 டிகிரி. பிசகு இருந்தால் ஆஃப்செட் சாவி போட்டுத் திருத்தலாம். ஒரு மத்தியானம் போகும். போகட்டும்.

வால்வு கூடுதல் உயரம் எழும்பும் கேம் என்றால், ஸ்பிரிங் முழுக்க அமுங்கி முட்டுகிறதா, வால்வு பிஸ்டனையோ பிளாக்கையோ தொடுகிறதா என்றும் பார்க்கணும். பிஸ்டன் மேல் கொஞ்சம் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினால், அழுந்திய களிமண்ணின் தடிமன் பதில் சொல்லிவிடும்.

அப்புறம் எண்ணெய். இந்த மாதிரி டாப்பெட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே உராய்வைத் தாங்குவது எண்ணெயில் உள்ள துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் இன்றைய கார்களுக்கான 5டபிள்யூ-30 மாதிரி எண்ணெய்களில் இதைக் குறைத்துவிட்டார்கள். விலை அதிகமான புது சிந்தெட்டிக் என்றால் நல்லது என்று ஊற்றி, கேமைத் தின்னக் கொடுக்காதீங்க. பழைய கார்களுக்கென்றே இந்தச் சேர்மம் போதுமான அளவில் உள்ள 20டபிள்யூ-50 கிடைக்கிறது.

மேடுகளில் கேம் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசி, பெட்ரோல், தண்ணீர், இக்னிஷன் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, முதல் முறையே ஸ்டார்ட் ஆகும்படி பார்த்துக்கொள்ளுங்க. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடவே கூடாது. நேராக 2,000-க்கு ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி 20 நிமிடம். மேடுகளுக்கு எண்ணெய் கிராங்க் தெறிக்க வைப்பதால்தான் கிடைக்கிறது. மெதுவாகச் சுற்றினால் தெறிக்காது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்க. டாப்பெட் இடைவெளியைக் கேம்காரர் சொன்ன அளவுக்கு வைங்க. ஒரிஜினல் கேமுக்கு அது 15 தவ். 500 கி.மீ. ஓடியதும் ராக்கர் கவரைக் கழற்றி ஃபீலர் கேஜால் மறுபடி அளந்து, எட்டு வால்வுக்கும் எட்டு நம்பர் எழுதி வைங்க. ஏழு அப்படியே இருந்து, ஒன்றில் மட்டும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் அந்த ஒரு மேடு கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்னைக்கே வண்டியை நிறுத்துங்க.